இரைச்சலும் இசையும்



கண்டி மாநகரின் கிழக்கே, மகாவலி கங்கையைக் கடந்து திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் பெருவழியில் பல்லேகல என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்கே கைத்தொழிற்பேட்டை ஒன்று உண்டு; அதன் பொறிகள் எழுப்பும் ஓசை பகலெல்லாம் காற்றில் கலந்திருக்கும். 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பன்னாட்டுத் துடுப்பாட்ட மைதானமும் அங்கே உண்டு; ஆட்டம் நடைபெறும் நாள்களில் எக்காளங்களும் முரசுகளும் சேர்ந்து முழங்கும் 'பபரே' வாத்தியம் அதன் மதில்களைத் தாண்டி வெளியே வரும். பௌர்ணமி நாள்களில் விகாரைகளிலிருந்து மேள ஒலி கேட்கும். மாசி, பங்குனித் திங்கள்களில் கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் தப்பு அதிரும். இத்தனை ஓசைகளும் ஒரே மலைக்காற்றில் மிதந்து வருகின்றன. இவற்றுள் எது இசை, எது இரைச்சல் என்று கேட்டால், பத்துப் பேர் பத்து விடை கூறுவர். அவ்விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்பதையும், ஒரு மனிதரின் விடை காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஓசை, ஒலி, அரவம், ஆர்ப்பு, கம்பலை, முழக்கம், இரைச்சல் எனக் காதில் விழுவனவற்றுக்குத் தமிழில் எத்தனையோ பெயர்கள் உள்ளன. இவற்றுள் 'இசை' என்னும் சொல் தனித்து நிற்கிறது. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல் என்று பொருள். ஒருவர் மற்றொருவர் சொல்லுக்கு இசைவதும் இசைவே; நரம்பும் குரலும் ஒன்றுவதும் இசைவே. ஆகவே, இசை என்பது ஓசையிடத்தில் மட்டும் உள்ள குணம் அன்று. ஓசைக்கும் செவிக்கும் இடையே ஏற்படும் உடன்பாடு எனலாம். அந்த உடன்பாடு ஏற்படாதவரை எவ்வோசையும் இரைச்சலே. ஏற்பட்டுவிட்டால், நேற்று இரைச்சலாக இருந்தது இன்று இசையாகிறது. ஓசை மாறவில்லை; செவிதான் மாறியது.

விஞ்ஞானிகள் இதனை வேறு விதமாக வகுத்தனர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழும் அதிர்வு இசையொலியாகிறது என்றும், ஒழுங்கற்ற அதிர்வு இரைச்சலாகிறது என்றும் விளக்கினார். வீணையின் நரம்பு ஒரு நொடியில் இத்தனை முறை என்று கணக்காக அதிர்கிறது. அதனோடு எழும் மேலொலிகள் அந்தக் கணக்கின் இரு மடங்கு, மும்மடங்கு என்று வரிசையாக அமைகின்றன. இழுத்துக் கட்டிய தோலோ அவ்வாறு அதிர்வதில்லை. அதன் மேலொலிகள் ஒன்றோடொன்று கணக்கில் பொருந்தா. ஆகவே, சாதாரணமான தோற்கருவியின் ஒலி இரைச்சலுக்கு அருகில் நிற்கிறது.

ஆனால், மிருதங்கம் இவ்விதிக்கு விலக்கு. அதன் வலந்தலையின் நடுவே பூசப்படும் கரணை, அத்தோலின் மேலொலிகளை நரம்பின் மேலொலிகளைப் போன்று வரிசைப்படுத்துகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பெயர் அறியப்படாத கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகச் செய்து பார்த்துக் கண்ட நுட்பம் அது. மலைநாட்டுத் தப்பில் கரணை இல்லை. மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல், இரு குச்சிகள், அவ்வளவே. அது சுருதியோடு சேராது. ஆகவே, விஞ்ஞானத்தின் கணக்கில் மிருதங்கம் இசைப்பக்கமும் தப்பு இரைச்சற்பக்கமும் நிற்கும்.

எனினும், இரைச்சல் தாழ்ந்தது என்று அக்கணக்கு கூறவில்லை. மனிதர் பேசும் பேச்சையே எடுத்துக்கொள்க. உயிரொலிகள் ஒழுங்கான அதிர்வுகள். அவற்றை நீட்டிப் பாடலாம். சகரத்தின் உரசலும், ககர டகரங்களின் வெடிப்பும் இரைச்சல் வகையைச் சேர்ந்தவை. அவற்றை நீக்கிவிட்டால், பாட்டு இருக்கும், சொல் இராது. உயிரும் மெய்யும் கூடினால்தான் மொழி. அங்ஙனமே இசையிலும் இரைச்சலுக்கு ஓர் இடம் உண்டு என்பதை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது.

1913ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் ஓர் ஆடலரங்கில், ரஷ்ய இசைவல்லுநர் ஸ்திராவின்ஸ்கி இயற்றிய 'வசந்தச் சடங்கு' முதன்முறையாக அரங்கேறியது. இடம் மாறி இடம் மாறி விழும் தாளமும், ஒன்றோடொன்று மோதும் சுரங்களும், மேடையில் நிகழ்ந்த புதுமையான ஆட்டமும் அவையோரைச் சினங்கொள்ளச் செய்தன. ஏளனச் சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. ஆடுவோருக்கு வாத்திய ஒலியே சரிவரக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வசந்தத்தில், அதே பாரிஸ் நகரில், ஆடலின்றி அவ்விசை மட்டும் வாசிக்கப்பட்டபோது மக்கள் ஆரவாரித்து வரவேற்றனர். இசைவல்லுநரைத் தோளிற் சுமந்து சென்றனர். 1940ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி தமது 'பன்டேசியா' என்னும் சித்திரப்படத்தில், ஆதி விலங்குகள் உலவும் காட்சிக்கு இவ்விசையையே சேர்த்தார். பெரியோர்கள் காதைப் பொத்திய இசை, இருபத்தேழு ஆண்டுகளில் சிறுவரும் கண்டு களிக்கும் படத்தில் இடம்பெற்றது. அச்சுரங்கள் பெரும்பாலும் ஸ்திராவின்ஸ்கி எழுதியவையே.

அதே 1913ஆம் ஆண்டில், இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். தொழிற்சாலையும் வீதிவண்டியும் நிறைந்த நகரத்தில் வாழும் மனிதரின் செவி, பழைய வாத்தியங்களின் மென்மையான ஒலியோடு நின்றுவிடாது. இரைச்சல்களையே தேர்ந்து, வகுத்து, இசையாக ஆக்கவேண்டும் என்று அவர் அறிக்கை விடுத்தார். உறுமுவன, சீறுவன, வெடிப்பன என வகைவகையான பெட்டிக் கருவிகளையும் செய்தார். 1914ஆம் ஆண்டில் மிலான் நகரில் அவற்றை இசைத்தபோது, அரங்கில் கைகலப்பு மூண்டது. ஆயினும், எண்ணம் அழியவில்லை. எட்கார் வரேஸ் என்பவர் பெரிதும் தாளக்கருவிகளையே கொண்டு இயற்றிய 'அயனைசேஷன்' என்னும் படைப்பை, 1933ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரில் பதின்மூன்று கலைஞர்கள் இசைத்தனர். முரசுகளோடு பட்டடைக் கல்லும் அபாயச் சங்கும் அதில் ஒலித்தன. கொல்லன் பட்டறை கச்சேரி மேடைக்கு வந்தது எனலாம்.

வானொலிக்கும் இவ்வரலாற்றில் பெரும் பங்கு உண்டு. பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேபர், 1948ஆம் ஆண்டில் புகையிரதங்களின் ஓசையை ஒலிப்பதிவு செய்தார். நீராவிச் சீறல், ஊதல், தண்டவாளத்தில் சக்கரம் மோதும் தட்டொலி ஆகியவற்றை வெட்டியும் ஒட்டியும் திருப்பியும் ஓர் இசைப்படைப்பாக அமைத்து, அவ்வாண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள் ஒலிபரப்பினார். ஓசையை மீண்டும் மீண்டும் கேட்கும் வாய்ப்பு இருந்ததனால்தான் இது இயன்றது. ஒருமுறை கேட்கும்போது அது புகையிரதம். பத்தாம் முறை கேட்கும்போது புகையிரதம் மறைகிறது. ஏற்ற இறக்கமும் தாளமும் எஞ்சுகின்றன. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதில் ஏறி கடுகண்ணாவை மலைச்சரிவில் மெல்ல ஊர்ந்தவர்களுள், சக்கரத்தின் தட்டொலிக்குத் தாமாகவே ஒரு சொற்கட்டை மனத்துள் சேர்த்துப் பாராதவர் யார்? ஷேபர் செய்ததன் முதற்படி அதுவே.

இக்காலத்தில் 'இரைச்சல் இசை' என்று ஒரு தனிப்பிரிவே வளர்ந்துள்ளது. ஜப்பானில் மசாமி அகிட்டா என்பவர் 'மெர்ஸ்போ' என்னும் பெயரில் 1979ஆம் ஆண்டு முதல் இத்தகைய படைப்புகளை வெளியிட்டு வருகிறார். பழந்துண்டுகளையும் வீசியெறிந்த பொருள்களையும் சேர்த்துக் கலை ஆக்கிய ஜெர்மானிய ஓவியர் ஒருவரின் படைப்பிலிருந்து எடுத்த பெயர் அது. அவருடைய ஒலிப்பதிவில் பண் இல்லை. பெரும்பாலும் தாளமும் இல்லை. முதன்முறை கேட்போர் அருவிக்கு அடியில் நிற்பது போன்று திகைப்பர். பொறுமையோடு கேட்பவரோ, அருவி ஒரே ஓசையன்று என்பதைக் காண்பர். அதனுள் தடித்த இழையும் மெல்லிய இழையும், அடர்ந்து வருதலும் அகன்று போதலும் உண்டு. இவ்விசையை விரும்புவோரும் முதல் நாளே விரும்பியவர் அல்லர். சிலர் வெறுத்து ஒதுக்கி, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர்.

செவி இவ்வாறு பழகுவது எங்ஙனம்? இசை கேட்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை; அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. எதிர்பார்ப்பு ஓரளவு நிறைவேறி, ஓரளவு ஏமாறும்போது சுவை பிறக்கிறது. முற்றிலும் புதிய ஓசையில் எதனை எதிர்பார்ப்பது என்றே மனத்துக்குத் தெரியாது. ஆகவே அது களைத்து, 'இரைச்சல்' என்று தீர்ப்புக் கூறிவிடுகிறது. மீண்டும் கேட்கும்போது சிறுசிறு அடையாளங்கள் தென்படுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு மனம் நடக்கத் தொடங்குகிறது. முன்னர் அறியாத ஒன்றை அடிக்கடி சந்திப்பதே அதன்மேல் விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலறிஞர் ரொபேர்ட் சயோன்ஸ் 1968ஆம் ஆண்டில் ஆய்வுகளால் காட்டினார். தாய்மொழி அல்லாத மொழியைக் கற்பதும் இவ்வாறே. முதலில் ஒரே சத்தம், பின்பு சொற்கள், அதன்பின்னரே பொருள்.

இப்பயிற்சியைப் பெறக் கண்டிவாசிகள் பாரிசுக்கோ மிலானுக்கோ செல்லவேண்டியதில்லை. தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளைப் பூசைக்கும் மேளம் முழங்குகிறது. ஆடி, ஆவணிக் காலத்து எசல பெரஹராவில் மேளக்காரர் அணி அணியாக வருகின்றனர். அவர்களுடைய தலைமைக் கருவியைச் சிங்களத்தில் 'கெட்ட பெரய' என்பர். தமிழ்ச் செவி அப்பெயரைக் கேட்டவுடன் நகைக்கக்கூடும். அங்கே 'கெட்ட' என்பது முடிச்சு, புடைப்பு எனப் பொருள்படும் சிங்களச் சொல். தமிழில் தீமை குறிக்கும் சொல்லன்று. பெயரைப் பிழையாகக் கேட்பது போலவே, ஓசையையும் பிழையாகக் கேட்கிறோம். உடன் முழங்கும் 'தவுல' என்னும் கருவி தவிலையும், 'தம்மெட்டம' தம்பட்டத்தையும் பெயரளவிலேயே உறவு கொண்டாடுகின்றன. தத், ஜித், தொங், நங் என்னும் நான்கு அடிப்படைச் சொற்களிலிருந்து அந்த மேளக்காரர் நெடிய சொற்கட்டுகளைப் பின்னுகின்றனர். இந்நான்கினையும் பிரித்தறியும் அளவுக்குச் சில மாலைகள் செவிகொடுத்தவருக்கு, பெரஹரா வேறொன்றாகிவிடும். முன்னர் அதிர்ச்சியாக இருந்தது இப்போது உரையாடலாகக் கேட்கும்.

இங்கே ஒன்றைச் சிந்திக்கவேண்டும். அம்மேளத்தைத் தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் சமூகத்தில் உயர்ந்த நிலையில் வைக்கப்பட்டவர் அல்லர். அந்நியர் ஆட்சிக் காலத்து ஆங்கிலேயர் பலர் 'டொம் டொம்' என்று எழுதி அவ்வோசையை ஒதுக்கினர். உள்நாட்டு மேற்குலத்தாரோ ஓசையை வேண்டினர், வாசித்தவரை விலக்கினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி நடனமும் மேளமும் பாடசாலைகளில் பாடமாயின, அரங்குகளில் ஏறின, நாட்டின் அடையாளமாகக் கொள்ளப்பட்டன. ஓசைக்குக் கிடைத்த மதிப்பில் ஒரு பங்கு வாசித்தவருக்கும் கிடைத்தது. செவி பழகுதல் என்பது தனி மனிதரின் பொழுதுபோக்கன்று. ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு நோக்குகிறது என்பதோடு பிணைந்தது.

தோட்டத்துத் தப்பின் கதை இதனினும் கடியது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்த செல்வங்களுள் தப்பும் ஒன்று. கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் தேயிலையைப் பெருமளவிற் பயிரிடத் தொடங்கினார். அன்று முதல் மலைநாடெங்கும் பரவிய லயங்களில், விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பே. காமன் கூத்தில் மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் தப்பின் அடியோடுதான் நிகழும். திருவிழாவுக்கு ஓர் அடி. கலியாணத்துக்கு ஓர் அடி. இறப்புக்கு ஓர் அடி. அடுத்த மலையில் இருப்பவர், அவ்வடியைக் கேட்ட மாத்திரத்திலே அங்கே நிகழ்ந்தது இன்பமோ துன்பமோ என்று அறிவர். பொருள் அறிந்த செவிக்கு அது செய்தி. அறியாத செவிக்கு உறக்கத்தைக் கெடுக்கும் சத்தம்.

தப்பை வாசிப்பதும் எளிய செயலன்று. வாசிக்குமுன் தீ மூட்டி, தோலை அதன் வெம்மையில் காட்டிக் காய்ச்சவேண்டும். ஈரம் போய்த் தோல் இறுகினால்தான் ஓசை கணீரென்று எழும். மலைநாட்டு மழையிலும் பனியிலும் இடையிடையே மீண்டும் காய்ச்சவேண்டியிருக்கும். ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. மறு கையில் குறுகித் தடித்த அடிக்குச்சி. ஒன்று சிதறும் துளிபோன்று ஒலிக்கும். மற்றொன்று நிலம் அதிர ஒலிக்கும். இரண்டும் எங்கே சந்திக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று கவனிப்பதே தப்பைக் கேட்கக் கற்பதன் தொடக்கம். பலர் ஒன்றுசேர்ந்து அடிக்கும்போது, ஒருவர் விடும் இடைவெளியை மற்றொருவர் நிரப்புவதையும் காணலாம்.

பழந்தமிழர் இவ்வோசையை இழிவாக நினைத்ததில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தது. மலைநிலமாகிய குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை உரியது என்பர் உரையாளர். பறைதல் என்றால் சொல்லுதல். பேசும் கருவி என்றே அதற்குப் பெயர் இட்டனர். பிற்காலத்தில் அக்கருவியோடு ஒரு சாதியைப் பிணைத்து, சாவு வீட்டில் அடிப்பதை அவர்கள்மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தியபோதுதான், அதன் ஓசை பிறர் செவியில் இரைச்சலாயிற்று. கேட்டவர் வெறுத்தது தோலின் அதிர்வையன்று. அந்த வெறுப்புக்குச் செவியின் மேல் பழி சுமத்தினர்.

இதன் விளைவை இன்றும் காணலாம். தப்பு அடித்தவரின் பிள்ளைகள் சிலர் அக்கருவியைத் தொட மறுத்தனர். கட்டாயத்தின் அடையாளத்தை உதறிவிட்டு நிமிர்ந்து நிற்க விரும்பிய அவர்களைக் குறைகூற இயலாது. வேறு சிலர் மறுவழி சென்றனர். எது இழிவு எனப்பட்டதோ அதனையே உயர்த்திப் பிடித்தனர். தமிழ்நாட்டில் பறையாட்டம் தெருவிலிருந்து மேடைக்கும், கல்லூரிகளுக்கும், கடல் கடந்த தமிழர் விழாக்களுக்கும் சென்றது. ஆண்களோடு பெண்களும் அதனைக் கையில் எடுத்தனர். மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 'பறைச் சத்தம்' என்ற வழக்கு மறைந்து 'பறையிசை' என்ற வழக்கு நிலைபெற்றதற்கு இவ்விரு வகை மக்களின் தன்மானமும் காரணம்.

இந்த ஓசை உலகின் புத்திசைக்குள்ளும் புகுந்தது. இலண்டனில் 1975ஆம் ஆண்டில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், எம். ஐ. ஏ. என்னும் பெயரில் பாடி உலகப் புகழ் பெற்றவர். 2007ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'கலா' என்னும் இசைத்தொகுப்பில், சென்னையில் பதிவு செய்த உருமி மேளம் முழங்குகிறது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'மாயா' என்னும் தொகுப்பிலோ துளைப்பொறியின் ஓசையே ஒரு பாட்டுக்கு அடித்தளம். திறனாய்வாளர் சிலர் அதனைப் பொறுக்க முடியாத இரைச்சல் என்றனர். வேறு சிலர் துணிவான முயற்சி என்று பாராட்டினர். உருமியையும் தப்பையும் கேட்டு வளர்ந்த செவிக்கு, ருசோலோவும் வரேஸும் அவ்வளவு தொலைவில் இல்லை என்பதை இது உணர்த்துகிறது. மேலைநாட்டார் முயன்று தேடியதில் ஒரு பகுதி, மலைநாட்டு லயத்து வாசலிலேயே இருந்தது.

இனி, புதிய ஓசையைக் கேட்கப் பழக விரும்புவோருக்குச் சில வழிகள் உண்டு. முதலாவது, சிறிது சிறிதாகக் கேட்டல். ஐந்து நிமிடம் கவனத்தோடு கேட்பது, ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டிருப்பதினும் மேலானது. இரண்டாவது, ஒன்றைப் பற்றிக்கொண்டு கேட்டல். ஒரு நாள் அடிக்குச்சியை மட்டும், மறுநாள் சிண்டுக்குச்சியை மட்டும் தொடரலாம். மூன்றாவது, இடைவெளி விட்டு மீண்டும் கேட்டல். இன்று பிடிக்காதது ஆறு திங்கள் கழிந்தபின் வேறாகத் தோன்றலாம். நான்காவது, அதனை எழுப்புவோரை அறிதல். தோலைக் காய்ச்சும் கையைக் கண்ணாற் கண்டவர், அவ்வோசையை முன்போல் கேட்பதில்லை. இவ்வளவும் செய்தபின் பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்று கூறலாம். அது கேட்டறிந்தவர் கூறும் தீர்ப்பு. கேளாமலே கூறும் தீர்ப்பினும் அதற்கு மதிப்பு அதிகம்.

ஒன்றை மறந்துவிடலாகாது. இரைச்சலை விரும்பக் கற்பது ஒரு காரியம். இரைச்சலைப் பிறர்மேல் திணிப்பது வேறு காரியம். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையின் நடுவே நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பவரின் செவி நாளடைவில் கெடும். தொழிற்சாலைப் பொறிக்கும் விழாவின் ஒலிபெருக்கிக்கும் இது பொதுவிதி. உடலுக்கு மட்டுமன்று, ஊரின் அமைதிக்கும் கேடு விளையலாம். கண்டி மாவட்டத்துக் கம்பளையில், தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழங்கலாமா என்ற வழக்கு 1914ஆம் ஆண்டில் கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும், 1915ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்திலும் தீர்க்கப்பட்டது. ஒரு மன்றம் ஒரு பக்கமும், மற்றது மறுபக்கமும் தீர்ப்பளித்தன. அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவி உயிர்களையும் உடைமைகளையும் அழித்தது. ஓசை மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆயினும், ஒருவருக்கு வழிபாடாக இருக்கும் ஒலி மற்றொருவருக்கு இடையூறாக இருக்கும்போது, இருவரும் பேசி இசையாவிடில் என்ன நேரும் என்பதற்கு அது சான்று. முழங்குவோருக்கு நிறுத்தும் நேரம் தெரிந்திருக்கவேண்டும். கேட்போருக்குக் காது கொடுக்கும் நேரம் தெரிந்திருக்கவேண்டும்.

பாடசாலைகளுக்கு இதில் ஒரு கடமை உண்டு. தமிழ்ப் பாடசாலைகளில் இசைப்பாடம் என்றால் பெரிதும் கருநாடக இசையையே கருதுகின்றனர். அதன் பெருமையை யாரும் மறுக்கவில்லை. அதனோடு ஒரு பாடவேளையிலேனும் தப்பு வாசிக்கும் முதியவர் ஒருவரை அழைத்து, மாணவர் முன்னிலையில் தோலைக் காய்ச்சி வாசிக்கச் செய்யலாம். சிங்களப் பாடசாலையின் மேளக்கார மாணவரையும் உடன் அழைக்கலாம். தத், ஜித் என்று அவர் சொல்ல, இவர் தம் குச்சிகளால் விடை கூறலாம். அதனைக் கேட்கும் தோட்டத்துப் பிள்ளை, தன் பாட்டனார் எழுப்பியது சத்தமன்று, கலை என்று அறியும். அடுத்த வரிசையில் இருக்கும் மற்றைய பிள்ளையும் அதனையே அறியும். இவ்விரண்டாவது அறிவே பெரிது. தன்னவர் ஓசையை மதிப்பது இயல்பு. பிறருடைய ஓசைக்கு இசைவது கல்வி.

எந்த ஓசையையும் இரைச்சல் என்று சொல்லுமுன், அதனை எத்தனை முறை கேட்டோம், அதனை எழுப்பியவர் யாரென்று அறிவோமா என்னும் இரு கேள்விகளை மனத்துள் எழுப்பிக்கொள்வது நன்று. பல சமயங்களில் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்குமுன்னரே, இரைச்சல் குறையத் தொடங்கிவிடும்.